புதுச் சிலந்தி என்று சொல்வதற்கு முன்

தோட்டத்தில் வடிகாலுக்குக் கான் வெட்டும்போது மண்வெட்டியோடு ஒரு சிலந்தி புரண்டு வருகிறது. கறுத்த உடம்பு, குட்டையான தடித்த கால்கள். முன்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு நச்சுப்பற்களைக் காட்டுகிறது. படம் எடுத்து முகநூலில் போட்டால் பத்து நிமிடத்தில் "இது புது இனமா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். நல்ல கேள்விதான். ஆனால் படத்தை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. சிலந்திகளோடு ஆயுளைக் கழித்தவரிடம் காட்டினாலும், "கதவு வைத்து வாழும் குழிச்சிலந்தி போலத் தெரிகிறது, பெண்ணாக இருக்கலாம்" என்பதற்கு மேல் அவர் போகமாட்டார்.

ஒரு சிலந்தி புதியது என்றால், இதற்கு முன் பெயர் பெற்ற எதனோடும் அது பொருந்தவில்லை என்று அர்த்தம். அப்படிச் சொல்ல வேண்டுமானால் முன்னே பெயர் பெற்றவற்றைப் பார்த்து முடித்திருக்க வேண்டும். இலங்கை மலையகத்தில் வேலையின் பெரும்பங்கு இங்கேதான் போகிறது. காட்டில் ஒரு வாரம் அலைந்தால் சிலந்தி கிடைத்துவிடும். பழைய பெயர்களோடு கணக்குத் தீர்க்க மாதங்கள் ஆகும், சில வேளை வருடங்கள்.

விலங்குகளின் விஞ்ஞானப் பெயர்கள் எல்லாம் 1758 ஜனவரி 1இலிருந்து எண்ணப்படுகின்றன. சிலந்திக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. சுவீடனைச் சேர்ந்த கிளெர்க் 1757இல் வெளியிட்ட நூலில் உள்ள பெயர்களும் செல்லும். அந்த நூலும் 1758இன் முதல் நாளில் வந்ததாகவே விதி கொள்கிறது. இலங்கைச் சிலந்திகளின் பெயர்கள் பெரும்பாலும் அதற்கு நூறு வருடங்களுக்குப் பிறகு தொடங்குகின்றன. கோப்பிச் செடியின் எதிரிகளைப் பற்றி 1861இல் எழுதிய நீட்னர் இங்கிருந்து சேர்த்து அனுப்பிய சிலந்திகளை, இங்கிலாந்தில் பாதிரியாராக இருந்த ஒக்டேவியஸ் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் 1869இல் பட்டியலிட்டு விவரித்தார். அதே வருடம்தான் கோப்பி இலைத் துருநோய் இலங்கையில் பதிவானது. பின்னர் கோப்பி போய்த் தேயிலை வந்தது. அன்று சிலந்தி பிடித்த சரிவு இன்று எந்தத் தோட்டத்தின் எத்தனையாம் நம்பர் மலை (தேயிலைப் பகுதி) என்று கண்டுபிடிப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். பிரெஞ்சுக்காரரான ஒஜேன் சிமோன் 1892 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் இங்கே வந்து தானே சேகரித்தார். ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ஷ் இலங்கைச் சிலந்திகளைப் பற்றி எழுதினார். 1900இல் போக்கொக்கின் பிரித்தானிய இந்திய விலங்கின நூல் வெளிவந்தது.

இவர்கள் பார்த்து விவரித்த மாதிரிகள் இன்றும் போத்தல்களில் இருக்கின்றன. பிக்கார்ட்-கேம்பிரிட்ஜின் சேகரம் ஒக்ஸ்போர்டில், சிமோனுடையது பாரிஸில், கார்ஷுடையது பெர்லினில், போக்கொக்குடையது லண்டனில். நம் மண்ணின் சிலந்திக்குப் பெயர் வைக்க அந்த நான்கு ஊர்களின் அலுமாரிகளைத் திறந்தாக வேண்டும் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிற விஷயம். மாதிரியை இரவல் வாங்கலாம், நேரில் போய்ப் பார்க்கலாம், அல்லது பொறுப்பாளரிடம் வேண்டிய கோணத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். மூன்றாவது வழிதான் நம்மவர்களுக்குப் பெரும்பாலும் கைகொடுப்பது. அப்போதும் "படம் அனுப்புங்கள்" என்று மட்டும் எழுதினால் முதுகுப்பக்கப் படம் ஒன்று வரும், அது எதற்கும் உதவாது. எந்த உறுப்பு, எந்தப் பக்கம், எத்தனை மி.மீ அளவுக்கோடு என்று கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும்.

ஓர் உதாரணம். இலங்கையில் ஸ்கலிடொக்னாதஸ் என்று ஒரு குழிச்சிலந்திச் சாதி உண்டு. (நம் பாடப்புத்தகம் சாதி என்பதைத் தமிழகத்தில் பேரினம் என்பார்கள்.) அதில் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் 1869இல் பெயரிட்ட ரேடியாலிஸ் இருக்கிறது, சிமோன் 1892இல் பெயரிட்ட ஓரியோஃபிலஸ் இருக்கிறது. ஓரியோஃபிலஸ் என்றால் மலையை விரும்புவது. நுவரெலியாப் பக்கத்து மண்மேட்டில் இந்தச் சாதிக் குழிச்சிலந்தி ஒன்று கிடைத்தால், அது ஓரியோஃபிலஸ் இல்லை என்று முதலில் நிறுவ வேண்டும், ரேடியாலிஸும் இல்லை என்று அடுத்ததாக நிறுவ வேண்டும். இரண்டில் ஒன்றின் மூலமாதிரி (அந்தப் பெயரை முதலில் வைத்தபோது பார்த்த சிலந்தி) குஞ்சாக இருந்தாலோ, எதிர்ப்பாலாக இருந்தாலோ, லேபலில் "சிலோன்" என்று மட்டும் எழுதியிருந்தாலோ ஒப்பிடும் வேலை அங்கேயே முட்டி நிற்கும். அப்போது செய்யக்கூடியது ஒன்றுதான். பழைய இடம் என்று ஊகிக்கக்கூடிய பகுதிகளில் புதிதாகச் சேகரித்து, ஆணையும் பெண்ணையும் முழுமையாக மீள விவரிக்க வேண்டும். புதுப் பெயர் வைப்பதைவிட இது பெரிய சேவை என்று நான் நினைக்கிறேன். அதற்குப் பத்திரிகைகளில் செய்தி வராது, அவ்வளவுதான்.

இனி மண்ணுக்கு வருவோம். அதற்கும் முன்னால் அனுமதிப்பத்திரம். ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாத மலைக் காடு, நக்கிள்ஸ் மூன்றும் சேர்ந்து 2010இலிருந்து உலக மரபுரிமை. ஹக்கலை கடுமையான இயற்கை ஒதுக்கிடம். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் இங்கே ஒரு சிலந்தியையும் எடுக்கக்கூடாது. வனத் திணைக்களத்தின் கீழுள்ள காடு என்றால் அங்கும் அனுமதி வேண்டும், தோட்டக் காணி என்றால் தோட்ட நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும். ஆய்விதழ்கள் அனுமதி இலக்கத்தைக் கேட்கின்றன. இலக்கம் இல்லாமல் எடுத்த மாதிரி எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் கட்டுரைக்குள் போகாது. மாதிரியையோ காலையோ வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் அது தனி அனுமதி.

குழிச்சிலந்தியின் கதவைக் கண்டுபிடிக்கக் கண் பழக வேண்டும். பாசி படர்ந்த மண்மேடு, பாதை வெட்டிய சரிவு, கானின் பக்கச்சுவர் போன்ற இடங்களில் காலை வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். பாசியோடு பாசியாக, பத்துச் சதக் குற்றியளவோ அதைவிடச் சிறிதாகவோ ஒரு வட்டத்தின் விளிம்பு மட்டும் மெல்லிய கோடாகத் தெரியும். கீல் பெரும்பாலும் மேல்பக்கம் இருக்கும். கதவு தன் பாரத்திலேயே விழுந்து மூட அதுதான் வசதி. மெல்லிய கத்திமுனையை விளிம்பில் வைத்துத் தூக்கிப் பார்த்தால் கதவு உள்ளே இழுபடும். சிலந்தி காலையும் நச்சுப்பல்லையும் கதவின் உட்புறப் பட்டில் கோத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்படி இழுபட்டால் குழியில் ஆள் இருக்கிறது. சும்மா திறந்தால் பெரும்பாலும் வெறும் குழி.

தோண்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. கதவு மூடியபடி ஒரு படம், திறந்தபடி ஒரு படம், பக்கத்தில் அளவுகோல். கதவின் குறுக்களவு, தடிப்பு, சரிவு நோக்கும் திசை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீளமான புல்தண்டு ஒன்றைக் குழிக்குள் மெதுவாக விட வேண்டும். அது தட்டும் இடம்வரை ஆழம் தெரியும், குழி எந்தப் பக்கம் வளைகிறது என்பதும் தெரியும். மேலிருந்து நேராகத் தோண்டினால் மண் சரிந்து குழியை அடைத்துவிடும், அல்லது மண்வெட்டி சிலந்தியின் மேலேயே இறங்கும். குழியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் வெட்டி, கரண்டியால் சுவரைச் சுரண்டிக்கொண்டு போய்ப் பட்டு உறையைத் தொட வேண்டும். புல்தண்டை உள்ளேயே விட்டு வையுங்கள், வழி தவறாது. தண்ணீர் ஊற்றி வெளியே வரவைக்கிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. சேறு மயிர்களுக்குள் புகுந்துவிட்டால், பிறகு மயிர்களின் அமைப்பைப் பார்க்கவே முடியாது. வேலை முடிந்ததும் வெட்டிய இடத்தில் மண்ணைப் போட்டு இறுக்கி, பாசிக்கட்டியைத் திரும்ப வைத்துவிட வேண்டும். மலைச்சரிவில் திறந்து விட்ட ஒரு சிறு வெட்டும் அடுத்த மழைக்குப் பெரிதாகிவிடும்.

எத்தனை எடுப்பது? ஒரு மேட்டில் பத்துக் கதவு இருந்தால் பத்தையும் தோண்டுகிற கை எனக்குப் பிடிக்காத கை. அவுஸ்திரேலியாவில் 1974இல் தொடங்கிய ஓர் ஆய்வில் இலக்கம் 16 என்று குறிக்கப்பட்ட பெண் குழிச்சிலந்தி, ஒரே குழியில் 43 வருடங்கள் வாழ்ந்து 2016இல் இறந்தது. எல்லா இனமும் அவ்வளவு காலம் வாழும் என்றில்லை. ஆனால் இவை மெதுவாக வளர்ந்து, மெதுவாகப் பெருகி, தாய்க்குழியிலிருந்து சில அடி தள்ளிக் குடியேறும் கூட்டம். எடுத்த இடம் சீக்கிரம் நிரம்பாது. பெண்களில் மூன்று நான்கு போதும், அதுவும் ஒரே மேட்டிலிருந்து வேண்டாம்.

பெண் குழிக்குள்ளேயே இருக்கும். ஆண் முதிர்ந்ததும் குழியை விட்டுப் பெண் தேடி நடக்கும், அந்தப் பருவத்தோடு செத்துப்போகும். பல இனங்களில் இந்த நடை மழை தொடங்கும் நாட்களில்தான். மேற்குச் சரிவுகளில் மே மாதத்தை ஒட்டியும், இடைப்பருவ மழைக்கு ஒக்டோபர், நவம்பரிலும், பதுளைப் பக்கம் வடகீழ்ப் பருவ மழைக்கு முன்னும் பொறி வைத்துப் பார்க்கலாம். பொறி என்றால் மண்ணுக்குள் புதைத்த ஒரு பிளாஸ்டிக் கோப்பைதான். வாய் எட்டு, ஒன்பது செ.மீ அகலம், மூன்றில் ஒரு பங்கு புரபிலீன் கிளைக்கோல், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி. துளி சோப்பு இல்லாவிட்டால் சிறிய சிலந்தி திரவத்தின் மேற்பரப்பில் மிதந்து ஏறிப் போய்விடும். கோப்பையின் விளிம்பு மண்மட்டத்துக்கு ஒரு மி.மீகூட மேலே நிற்கக்கூடாது. அதிகம் பேர் பிழை விடுவது இந்த ஒரு மி.மீயில்தான். சிலந்தி விளிம்பில் முட்டி, சுற்றிக்கொண்டு போய்விடும். புதைக்கும்போது இரண்டு கோப்பையை ஒன்றுக்குள் ஒன்றாக வையுங்கள். திரவம் எடுக்கும்போது உட்கோப்பையை மட்டும் தூக்கலாம், சுற்று மண் உதிர்ந்து விழாது. மேலே இரண்டு மூன்று செ.மீ உயரத்தில் ஒரு தட்டைக் கூரையாக நிறுத்த வேண்டும். மலையக மழைக்குக் கூரை இல்லாத பொறி ஒரே இரவில் நிரம்பி வழியும். காட்டுப்பன்றி கிளறுகிற இடமென்றால் கூரையின் மேல் கல் வைத்தாலும் தப்பாது, இடத்தை மாற்றுவதே நல்லது. போமலின் மலிவுதான், ஆனால் உடம்பை விறைக்கவைத்து டி.என்.ஏவையும் கெடுத்துவிடும், வேண்டாம்.

இலைச்சருகுக்குள் வாழும் சிறிசுகளுக்கு வேறு வழி. ஒரு சதுர மீற்றர் சருகை அள்ளி, ஒரு செ.மீ கண்ணுள்ள சல்லடையில் சலித்து, கீழே விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டினால் ஒன்று முதல் மூன்று மி.மீ அளவில் செம்மஞ்சள் நிறத் துகள்கள் ஓடும். கண் எட்டுக்குப் பதிலாக ஆறு, வயிற்றில் கேடயம் போலத் தகடு இருந்தால் ஊனொப்பிடே குடும்பம். இலங்கையின் இந்தக் குடும்பத்துச் சிலந்திகளில் ஒன்பது புதிய இனங்கள் 2018இல் ஒரே கட்டுரையில் விவரிக்கப்பட்டன. கண்டி ஹந்தானையில் இருக்கும் அடிப்படை ஆய்வு நிறுவனத்தவர்கள் செய்த வேலை. சருகைத் துணிப்பையில் தொங்கவிட்டு இரண்டு மூன்று நாள் காயவைத்தாலும் உள்ளிருப்பவை தாமாகக் கீழே இறங்கிப் போத்தலில் விழும், மின்சாரம் வேண்டியதில்லை. ஆனால் நம் ஊர் ஈரத்தில் பை காயாது. தேயிலை வாட்டும் தட்டுக்கு வேண்டிய காற்றோட்டமும் இளஞ்சூடும் இதற்கும் வேண்டும். மூடிய ஈர அறையில் தொங்கவிட்டால் பூஞ்சணம்தான் மிஞ்சும்.

பிடித்த சிலந்தியை உயிரோடு இருக்கும்போதே படமெடுத்து நிறத்தைக் குறிக்க வேண்டும். எதனோலில் நிறங்கள் வெளிறிப்போகும், பிறகு "செம்பழுப்பு" என்று எழுதுவது போத்தலின் நிறத்தை எழுதுவதாகவே இருக்கும். உருவம் பார்க்க 70 முதல் 80 வீத எதனோல். வலப்பக்கத்து மூன்றாம் காலை மட்டும் கழற்றி 95 வீதத்துக்கு மேற்பட்ட எதனோலில் தனிக் குப்பியில் போட்டுக் குளிரில் வையுங்கள், டி.என்.ஏவுக்கு அது போதும். அளவெடுப்பது எப்போதும் இடப்பக்கத்தில் என்பதால் வலக்காலை இழப்பதில் நட்டமில்லை. பெரிய சிலந்தியின் உடம்பில் தண்ணீர் அதிகம். அது வெளியேறி எதனோலை நீர்க்கச் செய்துவிடும். ஒரு நாள் கழித்துத் திரவத்தை மாற்றாவிட்டால் உள்ளே வயிறு அழுகத் தொடங்கும், வெளியே ஒன்றும் தெரியாது, ஆறு மாதம் கழித்து வெட்டிப் பார்க்கும்போது பெண்ணின் விந்துப்பை (ஆணின் விந்தைச் சேமித்து வைக்கும் பை) கூழாகிக் கிடக்கும். நிறம் சேர்த்த ஸ்பிரிட்டைப் பயன்படுத்தினால் மாதிரியிலும் சாயம் ஏறும்.

இனி நுணுக்குக்காட்டியின் கீழ். முதற் கேள்வி இது முதிர்ந்ததா என்பது. சிலந்தியின் இனத்தைச் சொல்வது இனப்பெருக்க உறுப்பு. அது உருவாகாத குஞ்சு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதை வைத்துப் பெயர் வைக்கக்கூடாது. ஆணுக்கு வாய்க்கு இரு பக்கமும் உள்ள சிறு கால் போன்ற பால்ப்பின் நுனி குமிழாகப் புடைத்திருக்கும். குழிச்சிலந்தி ஆணின் குமிழ் ஒரு பேரிக்காய், அதன் காம்பு ஊசியாக நீண்டு வளைந்திருக்கும். அந்த ஊசியின் நீளம், வளைவு, முனை முறுக்கு இவைதான் அடையாளம். வலையில் வாழும் சிலந்திகள் பலவற்றில் பெண்ணின் அடையாளம் வயிற்றின் அடியில் வெளியே தெரியும். குழிச்சிலந்தியில் வெளியே ஒன்றும் தெரியாது. முன் இரண்டு புத்தக நுரையீரல்களுக்கு (தாள் அடுக்குப் போன்ற மூச்சு உறுப்புகள்) நடுவே உள்ள தோல்மடிப்பை வெட்டி எடுத்து உள்ளே பார்க்க வேண்டும்.

அதைக் கொஞ்சம் கிட்ட நின்று சொல்கிறேன். சிறு கிண்ணத்தில் வெள்ளை மணல் பரப்பி, மேலே எதனோல் ஊற்றி, சிலந்தியை மல்லாக்காக மணலில் அழுத்தி நிறுத்துங்கள். மணல் அசையாமல் பிடித்துக்கொள்ளும். பூச்சி குத்தும் மிக மெல்லிய ஊசியைத் தீக்குச்சி முனையில் செருகினால் அதுதான் கத்தி. மடிப்புக்குச் சற்று முன்னும் பின்னுமாக மூன்று பக்கம் வெட்டி, தோலைக் கதவு போலத் திறந்து கழற்றுங்கள். கழற்றியதை 10 வீத பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் போட்டால் தசை கரைந்து, தோலும் விந்துப்பையும் மட்டும் மிஞ்சும். இளஞ்சூட்டில் பத்து நிமிடமே போதுமாக இருக்கலாம், சூடில்லாமல் விட்டால் ஓர் இரவு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். அதிக நேரம் விட்டால் எல்லாம் கண்ணாடி போல் வெளிறிப் பையின் சுவர் எது, நுனிச் சுரப்பி எது என்றே தெரியாமல் போகும், அதைத் திருப்ப வழியில்லை. பிறகு நீரில் கழுவ வேண்டும். ஊடுருவிப் பார்க்க நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் ஒன்று கராம்பு எண்ணெய். தூய எதனோலில் நீரை முழுவதும் இறக்கிவிட்டே எண்ணெயில் போட வேண்டும். கொஞ்சம் நீர் இருந்தாலும் பால் போல் கலங்கும்.

விந்துப்பையின் வடிவம் ஒரே இனத்துக்குள்ளும் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். இவ்வகைப் பெண் முதிர்ந்த பின்னும் தோலுரிக்கும், விந்துப்பையின் உட்தோலும் சேர்ந்தே உரியும். ஆகவே ஒரே ஒரு பெண்ணை வெட்டிப் பார்த்து "கிளை இரண்டு, நுனி உருண்டை" என்று எழுதினால் அடுத்த பெண் அதைப் பொய்யாக்கலாம். மூன்று நான்கு வேண்டும் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான்.

அளவுகள் சலிப்பான வேலை, ஆனால் விட முடியாது. மொத்த நீளம், தலைநெஞ்சுக் கவசத்தின் நீள அகலம், எட்டுக் கண்களின் குறுக்களவும் இடைவெளியும், நான்கு கால்களின் ஒவ்வொரு துண்டும், எல்லாம் மி.மீயில். கால்களை நீள வரிசையில் 4123 என்பதுபோல் எழுதுவது வழக்கம். நச்சுப்பல் தாங்கும் உறுப்பின் முன்முனையில் மண் தோண்டும் முள்வரிசையையும், அதன் பல் எண்ணிக்கையையும், காலடி மயிர்த்திண்டு எந்தத் துண்டுவரை வருகிறது என்பதையும் குறிக்க வேண்டும். துண்டை மட்டமாகப் படுக்கவைக்காமல் அளந்தால் சாய்வு காரணமாக அளவு குறையும். இதைச் சரிபார்க்க ஒரே காலை மூன்று முறை எடுத்துவைத்து அளந்து பாருங்கள், உங்கள் கை எவ்வளவு தவறுகிறது என்று தெரிந்துவிடும். இரண்டு இனங்களுக்கு நடுவே காட்டும் வேறுபாடு அந்தத் தவறைவிடச் சிறிதாக இருந்தால் அது வேறுபாடே ஆகாது.

படமும் வேண்டும், வரைவும் வேண்டும். கமராவை அடுக்கடுக்காகக் குவியப்படுத்தி எடுத்துக் கணினியில் சேர்த்த படம் அழகாக இருக்கும். ஆனால் வரையும்போதுதான் ஒவ்வொரு கோட்டுக்கும் "இது விளிம்பா, நிழலா" என்று நாமே தீர்மானிக்க வேண்டி வருகிறது. அந்தத் தீர்மானம்தான் விவரிப்பு. ஆணின் இடது பால்ப்பை வரைவதே மரபு. இடது உடைந்திருந்தால் வலதை வரைந்து அப்படி என்று எழுதிவிடுங்கள்.

டி.என்.ஏ பற்றி ஒரு எச்சரிக்கை. 658 எழுத்து நீளமுள்ள சி.ஓ.ஐ என்னும் மரபணுத் துண்டை வாசித்து, இவ்வளவு வீதம் வேறுபட்டால் வேறு இனம் என்று கோடு கிழிக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. பறந்து பரவும் பூச்சிக்கு அது ஓரளவு சரி. குழிச்சிலந்திகளில் பெரும்பாலானவை நூல் விட்டுக் காற்றில் பறப்பதில்லை, நடந்தே போகின்றன. மலையகத்தில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே சூடான பள்ளத்தாக்கு, ஆறு, இன்று தேயிலை. முகட்டுக்கு முகடு பிரிந்து கிடக்கும் இந்தக் கூட்டங்களின் டி.என்.ஏ, அவை ஒரே இனமாக இருந்தாலும் பெருமளவு வேறுபட்டு நிற்கும். டி.என்.ஏயை மட்டும் நம்பினால் மலைக்கு ஒரு பெயர் வைக்க நேரும். ஆனால் ஆணையும் பெண்ணையும் சோடி சேர்க்க அதைவிட நல்ல கருவி இல்லை. பொறியில் விழுந்த ஆணும் குழியில் எடுத்த பெண்ணும் ஒரே இடத்தவை என்பதால் ஒரே இனம் என்று முடிவு கட்டி, பின்னால் இரண்டும் வெவ்வேறு என்று தெரியவந்த கதைகள் சிலந்தியியலில் நிறைய. ஒரே இனத்தின் ஆணுக்கு ஒரு பெயரும் பெண்ணுக்கு ஒரு பெயரும் விழுந்த கதைகளும் குறைவில்லை. அப்படி நேர்ந்தால் முந்திய பெயர் நிற்கும், பிந்தியது உதிரும்.

கட்டுரையின் இதயம் வேறுபடுத்திக் காட்டும் பத்தி. விவரிப்பு பத்துப் பக்கம் போகலாம். அந்தப் பத்தி நாலு வரிதான் இருக்கும், மற்றவர்கள் வாசிக்கப்போவதும் அதைத்தான். "பழுப்பு நிறம், மயிரடர்ந்த கால், 18 மி.மீ நீளம்" என்றால் அதில் ஒன்றுமில்லை. "ஆணின் குமிழ் ஊசி குமிழைவிட நீளமானது, ரேடியாலிஸில் குட்டையானது, பெண்ணின் விந்துப்பை கிளையற்றது, ஓரியோஃபிலஸில் கிளைத்தது" என்ற வகையில் இருக்க வேண்டும். (அமைப்பைக் காட்டச் சொன்னேன், இந்தப் பண்புகளை அந்த இனங்களுக்கு உரியவையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.) 1930க்குப் பின் வரும் பெயருக்கு வேறுபடுத்தும் பண்புகளைச் சொற்களில் தர வேண்டும் என்பது விதி, படம் மட்டும் போதாது. 2000 முதல் ஹோலோடைப் எனப்படும் ஒற்றை மூலமாதிரியை வெளிப்படையாகக் குறித்து, அது எந்தச் சேகரத்தில் வைக்கப்படும் என்றும் எழுத வேண்டும். 2012 முதல் இணையத்தில் மட்டும் வெளியாகும் கட்டுரைகளும் செல்லும், ஆனால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான சூபேங்கின் பதிவு இலக்கம் கட்டுரைக்குள்ளேயே இருந்தாக வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் பெயர் செல்லாது. பெயரை முன்கூட்டியே முகநூலிலோ செய்தித்தாளிலோ சொல்லிவிடுவதும் கூடாது. விவரிப்பு இல்லாத வெறும் பெயராக அது அலைந்து, பின்னால் வருகிறவர்களைக் குழப்பும்.

பெயர் வைப்பதில் சுதந்திரம் உண்டு. எந்த மொழிச் சொல்லையும் இலத்தீன் எழுத்தில் எழுதி வைக்கலாம், தமிழ்ச் சொல்லும் ஆகும். பெயர்ச்சொல்லாக அப்படியே வைத்தால் மாற்றமில்லாமல் நிற்கும். உரிச்சொல்லாக வைத்தால் சாதிப் பெயரின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். ஸ்கலிடொக்னாதஸ் ஆண்பால், ஆகவே ஓரியோஃபிலஸ். நாளைக்கு அதைப் பெண்பால் சாதி ஒன்றுக்கு மாற்றினால் ஓரியோஃபிலா ஆகிவிடும். ஆளின் பெயர் என்றால் ஆணுக்கு 'ஐ', பெண்ணுக்கு 'ஏ' என்று முடியும். மாங்குளத்திலிருந்து 2012இல் விவரிக்கப்பட்ட மரவாழ் டரன்டுலாவுக்கு, வடக்கில் ஆய்வாளர்களுக்குத் துணை நின்ற ஒரு பொலிஸ் அதிகாரியின் பெயர் வைக்கப்பட்டது. மண்மேட்டைக் காட்டித்தந்த கான் வெட்டுகிறவரின் பெயரும் அப்படி வரலாம். விதியில் அதற்குத் தடை எதுவும் இல்லை. என்னைக் கேட்டால் அப்படித்தான் வர வேண்டும்.

கட்டுரை வெளியானதும் சுவிற்சர்லாந்தின் பேர்ன் அருங்காட்சியகம் நடத்தும் உலகச் சிலந்திப் பட்டியலில் ஏறும். 2022 ஏப்ரலில் அந்தப் பட்டியல் 50,000 இனங்களைத் தாண்டியது. அங்கே ஏறிவிட்டால் கேள்வி கேட்க முடியாத உண்மை ஆகிவிடாது. வேறொருவர் ஒக்ஸ்போர்டின் போத்தலைத் திறந்து உங்கள் இனமும் 1869இன் இனமும் ஒன்றே என்று நிறுவினால் உங்கள் பெயர் போய்விடும், அதில் வருந்தவும் ஒன்றுமில்லை.

கடைசியாக லேபல். பால்பொயின்ட் பேனை எதனோலில் ஓர் இரவில் கரையும், அச்சுப்பொறித் தூள் எழுத்து வருடங்களில் உதிரும். பென்சில் அல்லது இந்தியன் மை, தடித்த பருத்திக் காகிதம், போத்தலுக்கு வெளியே ஒட்டாமல் உள்ளே. மூலமாதிரிக்குச் சிவப்பு லேபல். நாடு, மாகாணம், மாவட்டம், கிட்டிய ஊர், கடல்மட்டத்திலிருந்து உயரம், ஜீ.பி.எஸ் எண்கள், நாள், எப்படிப் பிடித்தது, யார் பிடித்தது. வெளியிடும் கட்டுரையில் ஜீ.பி.எஸ் எண்களை மழுக்கிக் கொடுங்கள். பெருஞ்சிலந்திகளைப் பிடித்து விற்கும் சந்தை இருக்கிறது, அதனால்தான் பொயிசிலொதீரியா என்னும் மரவாழ் டரன்டுலாச் சாதி 2019இல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. முழு எண்கள் அருங்காட்சியகத்தின் பதிவேட்டில் இருக்கட்டும்.

தோட்டக் காணியில் எடுத்தது என்றால் இன்னும் இரண்டு வரி சேருங்கள். தோட்டத்துக்குக் காகிதத்தில் ஓர் ஆங்கிலப் பெயர் இருக்கும், லயத்தில் ஆட்கள் சொல்லும் தமிழ்ப் பெயர் வேறாக இருக்கும். இரண்டையும் எழுதுங்கள். டிவிசனையும் மலை நம்பரையும் எழுதுங்கள், தேயிலைக்கு முன் அங்கே என்ன நின்றது என்று முதியவர்களுக்குத் தெரிந்தால் அதையும் பின்பக்கத்தில் எழுதுங்கள். பின்னாளில் அரச பூச்சியியலாளரான கிரீன், பூண்டுலோயாவில் பிடித்தவற்றுக்குப் "புண்டுலோயா" என்று ஊர்ப்பெயரை எழுதி வைத்தார். எழுத்துக்கூட்டு மாறியிருந்தாலும் அந்த ஒரு சொல்லால் இன்றும் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய்த் தேட முடிகிறது. "சிலோன்" என்று மட்டும் எழுதிய போத்தலோடு எங்கும் போக முடியாது.